வேகாஸில் துப்பாக்கி சுடப் போகிறீர்களா? கவுன்டரிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

லாஸ் வேகாஸுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் ஸ்டிரிப் என்கிற கேசினோ ஓட்டல் சாலையில் ஒரு நடை, பெல்லாஜியோ நீரூற்று, ஹூவர் அணை எல்லாம் முடிந்ததும் தம்பியோ மச்சானோ மெல்ல ஆரம்பிப்பார்: "இங்க நிஜத் துப்பாக்கி சுட விடுவாங்களாமே?" விடுவார்கள். ஸ்டிரிப்புக்குப் பக்கத்திலேயே உள்ளரங்க ரேஞ்சுகள் இருக்கின்றன. ஓட்டல் வாசலுக்கே வண்டி அனுப்பிக் கூட்டிப்போகிறவர்களும் உண்டு. பாலைவனப் பக்கம் போனால் திறந்தவெளி ரேஞ்ச். பணம் கட்டி, படிவத்தில் கையெழுத்துப் போட்டு, கண்ணாடியும் காதுமூடியும் மாட்டிக்கொண்டால் போதும். பக்கத்தில் ஓர் இன்ஸ்ட்ரக்டர் நிற்பார், உங்கள் கையில் கிளாக் பிஸ்டல் இருக்கும்.

நம்மில் பலருக்கு இதற்கு முன் சுட்ட அனுபவம் மெரினாவில் பலூனோடு சரி. கொஞ்சம் அதிகம் போனால் என்சிசி முகாமில் பாயின்ட் டூ டூ ரைஃபிள். அதனால் தப்பு நடந்தால் குறி பார்ப்பதில்தான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். குறி தப்பினால் காகிதத்தில் ஓட்டை விழாது, அவ்வளவுதான் நஷ்டம். உண்மையான தவறுகள் சுடுவதற்கு முன்பும், இரண்டு சுடுதலுக்கு நடுவிலும், எல்லாம் முடிந்து பெட்டி கட்டும்போதும் நடப்பவை.

முதலில் விசாவைப் பாருங்கள்

அமெரிக்காவில் துப்பாக்கிக்குக் கட்டுப்பாடே கிடையாது என்று நம்பி வருகிறவர்களுக்குத் தெரியாத மத்தியச் சட்டப் பிரிவு ஒன்று உண்டு: 18 யு.எஸ்.சி. 922(ஜி)(5)(பி). குடியேற்றம் அல்லாத விசாவில் நாட்டுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ தன் வசம் வைத்திருக்கக் கூடாது என்கிறது அது. சுற்றுலாவுக்கு வரும் பி-2, மாணவர்களின் எஃப்-1, ஐடி ஆட்களின் எச்-1பி, அவர்கள் வீட்டாரின் எச்-4 எல்லாமே இதில் அடக்கம்.

சொந்தமாக வாங்கினால்தானே சிக்கல், வாடகைக்கு எடுத்து அரைமணி நேரம் சுட்டால் என்ன என்று கேட்பார்கள். ஹமீத் ரெஹைஃப் வழக்கைப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து ஃபுளோரிடாவுக்குப் படிக்க வந்தவர். கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு, மாணவர் விசாத் தகுதியும் போன பிறகு ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். அதற்காகவே வழக்கும் சிறைத் தண்டனையும் வந்தன. தனக்குத் தகுதி இல்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபித்தாக வேண்டும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்மேல் போடப்பட்டது சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர்களுக்கான பிரிவு. விசா செல்லுபடியாக இருக்கும் நம் ஆட்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் ரேஞ்சில் எடுத்த துப்பாக்கியும் 'வசம் வைத்திருத்தல்' கணக்கில் வந்துவிட்டது பாருங்கள், நமக்கு வேண்டிய செய்தி அதுதான். 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பின் இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு.

வழி இல்லாமல் இல்லை. ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் இந்தத் தடை விலகும். மான் வேட்டைக்குப் போயே ஆக வேண்டும் என்பதில்லை. மீன்பிடி உரிமம் மட்டும் போதாது. வெளியூர்க்காரர்களுக்கும் மாநிலங்கள் உரிமம் தருகின்றன. சில இடங்களில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்று கேட்பார்கள். நெவாடாவில் 1960 ஜனவரி 1-க்குப் பின் பிறந்தவர்களுக்கு அந்தச் சான்று வேண்டும். ஆகையால் ஓட்டலில் இறங்கிய பிறகு யோசித்துப் பயனில்லை. பயணத்துக்கு முன்பே பார்த்து வைக்க வேண்டிய வேலை இது.

கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. விசா இல்லாமல் எஸ்டா அனுமதியில் வருகிற பிரிட்டன், பிரான்ஸ், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா பாஸ்போர்ட்காரர்களுக்கும், கனடியக் குடிமக்களுக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது. ஆக டொராண்டோ மாமா சுடலாம்; யாழ்ப்பாணத்திலிருந்து பி-2 விசாவில் வந்த மருமகன் உரிமம் இல்லாமல் தொடக் கூடாது. ஒரே குடும்பம், ஒரே லேன் (சுடும் தடம்), இரண்டு சட்டம்.

கவுன்டரில் இருக்கும் பையன் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு "ஆல் குட்" என்று சொல்வதை நம்பிப் போகாதீர்கள். ரேஞ்சுக்குள்ளேயே சுட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பதற்குப் பின்னணிச் சோதனை கிடையாது. சட்டப்படி எனக்குத் தடை ஏதும் இல்லை என்று படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான். அவருக்குப் போவது ஒரு வாடிக்கை, உங்களுக்குப் போவது விசா. சந்தேகம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள். "எல்லாரும்தான் சுடறாங்க" என்று துப்பாக்கியோடு இன்ஸ்டாவில் படம் போடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: 2019-லிருந்து விசா விண்ணப்பமான டிஎஸ்-160-லேயே சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறார்கள்.

கஞ்சா விஷயமும் அதே படிவத்தில்தான் வரும். நெவாடாவில் 2017-லிருந்து கடையில் விற்கிறார்கள், உண்மைதான். மத்தியச் சட்டத்தில் அது இன்னும் தடைப்பொருள். அதைப் பயன்படுத்துகிறவர் துப்பாக்கி வைத்திருப்பது தனிக் குற்றம். குடித்துவிட்டுப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பெரிய துப்பாக்கி ஆசை

கவுன்டருக்குப் பின்னால் சுவர் முழுக்கத் துப்பாக்கி தொங்கும். இளவட்டங்களின் கண் நேராக டெசர்ட் ஈகிள் என்கிற பெரிய பிஸ்டலுக்குப் போகும். கவுன்டர் ஸ்டிரைக் ஆடி வளர்ந்த தலைமுறை, வேறெங்கே போகும்? விளையாட்டில் அதற்கு எடை கிடையாது. கையில் எடுத்தால் இரண்டு கிலோவை நெருங்கும். பாயின்ட் ஃபைவ் ஜீரோ தோட்டா வெடித்ததும் அது மேல்நோக்கி உதைக்கிற உதையில், முழங்கையைத் தளர்த்திப் பிடித்தவர்களின் நெற்றியில் இடித்த கதை நிறைய உண்டு. பெரிய மேக்னம் ரிவால்வர்களில் இன்னொரு வம்பு. முதல் உதையில் கை நழுவுகிறதே என்று விரல்கள் தானாக இறுகும்; அந்த இறுக்கத்தில் விசை மறுபடி அமுங்கிவிடும். அப்போது குழல் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நல்ல இன்ஸ்ட்ரக்டர் இப்படிப்பட்டதில் முதலில் ஒரே ஒரு தோட்டாதான் போட்டுத் தருவார். அவர் அப்படிச் செய்யாவிட்டால் நீங்களே கேளுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மெஷின் கன்னுக்கும் இதே பேச்சுதான், இன்னும் அழுத்தமாக. 2014 ஆகஸ்ட் 25 அன்று, வேகாஸிலிருந்து வண்டியில் போய்வரும் தூரத்தில் அரிசோனாவின் வைட் ஹில்ஸில் இருந்த ஒரு சுற்றுலா ரேஞ்சில் 9 வயதுச் சிறுமி கையில் 'ஊஸி' (Uzi) என்கிற சப்மெஷின் கன் கொடுத்தார்கள். முதலில் ஒற்றைச் சூடு. பிறகு முழுத் தானியங்கிக்கு மாற்றினார்கள். விசையை அழுத்தியதும் துப்பாக்கி அவள் பிடியை மீறி மேலும் இடதுபுறமுமாக ஏறியது. இடப்பக்கம் நின்றிருந்த பயிற்சியாளர் தலையில் சுடப்பட்டு இறந்துபோனார். பெற்றோர் பக்கத்தில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளை எந்த வயதில் அனுமதிப்பது என்பது ரேஞ்சுக்கு ரேஞ்ச் மாறும். ரேஞ்சில் சம்மதிக்கிறார்கள் என்பதற்காகச் சின்னப் பிள்ளை கையில் தானியங்கியைக் கொடுக்காதீர்கள் என்பது என் கட்சி. ஒல்லியான பெரியவர்களும் இரண்டு மூன்று தோட்டாவில் ஆரம்பித்து, உதை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேலே போகலாம்.

பணக் கணக்கும் பாருங்கள். எம்பி5 என்கிற சப்மெஷின் கன் நிமிடத்துக்குச் சுமார் 800 தோட்டா சுடும். பேக்கேஜில் தருகிற 25 தோட்டா, விசையை அழுத்திப் பிடித்தால் இரண்டு நொடிக்குள் காலி. "அவ்ளோதானா?" என்று திரும்பிப் பார்ப்பவரிடம் இன்னொரு மேகஸின் (தோட்டா அடைத்த கூடு) விற்பதுதான் அந்த வியாபாரம். விளம்பரத்தில் போட்ட விலையில் வரியும், கூடுதல் தோட்டாவும், இன்ஸ்ட்ரக்டருக்கான டிப்ஸும் சேர்ந்திருக்காது.

என்னைக் கேட்டால் பாயின்ட் டூ டூ பிஸ்டல் ஒன்று, 9 மில்லிமீட்டர் கிளாக் ஒன்று, ஏஆர்-15 ரைஃபிள் ஒன்று, இந்த வரிசையில் எடுங்கள். ஏஆர்-15 பார்க்கத்தான் முரடு, தோளில் உதை குறைவு. மூன்று துப்பாக்கியை நிதானமாகச் சுட்டவர்தான் சிரித்துக்கொண்டே வெளியே வருவார். ஏழு துப்பாக்கி பேக்கேஜ் எடுத்தவர் நான்காவதிலேயே கை நடுங்கிப்போய், மீதியைக் கடனுக்குச் சுடுவார்.

லேனில் நின்றதும்

எல்லா ரேஞ்சிலும் நடக்கிற, எல்லா இன்ஸ்ட்ரக்டரும் பயப்படுகிற தவறு ஒன்று இருக்கிறது. நான்கு தோட்டா சுட்டதும் ஒன்று நடுவில் பட்டிருக்கும். சந்தோஷம் தாங்காது. பின்னால் போனோடு நிற்கிற மனைவியையோ நண்பரையோ பார்த்து அப்படியே உடம்போடு திரும்புவார். கையில் துப்பாக்கி, அதில் இன்னும் ஆறு தோட்டா, விரல் விசைமேல். "மஸில் டவுன்ரேஞ்ச்!" (குழல் இலக்குப் பக்கமே இருக்கட்டும்) என்று ஒரு கத்தல் கேட்கும், கூடவே ஒரு கை வந்து மணிக்கட்டை இரும்பாகப் பிடிக்கும். கோபித்துக்கொள்ள வேண்டாம், அது அவர் வேலை. திரும்பத் தோன்றினால் முதலில் விரலை விசையிலிருந்து எடுங்கள், துப்பாக்கியை மேசையில் குழல் இலக்கைப் பார்க்க வையுங்கள், பிறகு திரும்புங்கள். சுடும் நொடி தவிர மற்ற நேரமெல்லாம் விரல் விசைக்கு வெளியே, பிஸ்டலின் பக்கவாட்டில் நீட்டியபடி இருக்க வேண்டும்.

நிற்பதிலும் நம் ஆட்கள் ஒரே மாதிரிதான் தப்பு செய்கிறார்கள். சத்தத்துக்குப் பயந்து இடுப்பிலிருந்து மேல் உடம்பைப் பின்னால் சாய்ப்பார்கள். உதை வந்ததும் இன்னும் பின்னால் தள்ளும். ஒரு காலை முன்னால் வைத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்படி கொஞ்சம் முன்சாய்ந்து நின்றால் பாதிப் பிரச்சினை தீரும். பிஸ்டலில் இரண்டு கட்டைவிரலும் ஒரே பக்கம், முன்னோக்கி. இடது கட்டைவிரலைப் பின்பக்கமாகச் சுற்றி வலது கையின்மேல் போட்டால், சுட்டதும் பின்னால் பாய்ந்து வரும் ஸ்லைடு (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) அந்த விரலின் தோலைக் கிழித்துக்கொண்டு போகும். ரிவால்வரில் வேறு எச்சரிக்கை: உருளைக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் சூட்டு வாயு பக்கவாட்டில் சீறும், அதன் அருகே விரலை வைக்கக் கூடாது.

விசையை இழுத்தும் "டிக்" என்று மட்டும் கேட்டால் என்ன ஆச்சு என்று குழலைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும். பார்க்காதீர்கள். இலக்குப் பக்கமே நீட்டிக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். சில தோட்டாக்கள் தாமதித்து வெடிக்கும். வழக்கத்தைவிட மெலிதாக "பொத்" என்று கேட்டாலும் அடுத்ததைச் சுடாதீர்கள். குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். இரண்டிலும் மிச்சத்தை இன்ஸ்ட்ரக்டர் பார்த்துக்கொள்வார்.

உடுப்பும் காதும்

வெளியே தெறிக்கும் வெற்றுத் தோட்டா உறை பெரும்பாலும் வலப்பக்கம் பறக்கும். பக்கத் தடுப்பில் மோதித் திரும்பி, சட்டைக் கழுத்துக்குள் விழும். கொதிக்கிற பித்தளை மார்போடு ஒட்டும்போது யாருக்கும் பொறுமை இருக்காது. துப்பாக்கியோடு சேர்த்து ஒரு குதி குதிப்பார்கள், அந்தக் குதியில்தான் ஆபத்து. கழுத்து மூடிய டி-ஷர்ட், முன்பக்கம் விளிம்பு வைத்த தொப்பி, மூடிய ஷூ. இறக்கக் கழுத்துக் குர்தி, துப்பட்டா, ஹவாய் செருப்பு வேண்டாம். கோடையில் திறந்தவெளி ரேஞ்சென்றால் 40 டிகிரிக்கு மேல் வெயில் இருக்கும், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு வேண்டும். 9 மில்லிமீட்டர் சுடும் சத்தம் 160 டெசிபல் வரை போகும், 140-ஐத் தாண்டினாலே ஒரே முறையில் காது பழுதாகலாம். உள்ளரங்கில் சுவர் மோதி இன்னும் கனமாக வரும். பஞ்சு அடைப்பானை விரலால் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது உப்பும்வரை அழுத்திக்கொள்ளுங்கள். அதன்மேல் காதுமூடி. இன்ஸ்ட்ரக்டர் சொல்வது கேட்கவில்லை என்று காதுமூடியைத் தூக்குகிற நேரம் பார்த்துத்தான் பக்கத்து லேன்காரர் சுடுவார். கர்ப்பிணிகள் உள்ளேயே போக வேண்டாம். சத்தம் ஒரு காரணம், காற்றில் மிதக்கும் ஈயம் இன்னொரு காரணம்.

அந்த ஈயம் எல்லாருக்கும் உரியதுதான். தோட்டாவின் பின்முனையில் உள்ள வெடிமருந்துக் கலவையிலும் குண்டிலும் ஈயம் இருக்கிறது; கையிலும் சட்டையிலும் படியும். ரேஞ்சிலிருந்து நேராக பஃபேக்குப் போய்க் கையால் சாப்பிடுகிற நமக்கு இது முக்கியம். சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போட்டு முழங்கைவரை கழுவுங்கள். குழந்தையைத் தூக்குவதற்கு முன் சட்டையை மாற்றுங்கள்.

விமான நிலையம்

ஊருக்குத் திரும்பும் நாளில் ரேஞ்சுக்குப் போகாதீர்கள். வெடிமருந்துத் துகள் கையிலும் பையிலும் இருந்தால், பாதுகாப்புச் சோதனையில் துணியால் துடைத்துப் பார்க்கிறார்களே, அதில் மணி அடிக்கலாம். பயணத்தின் முதல் இரண்டு நாளில் போய்விட்டு, அந்தத் துணிகளைத் துவைத்துப் பெட்டியில் வையுங்கள்.

ஞாபகத்துக்கென்று தோட்டாவைப் பையில் போடுகிறவர்கள்தான் கடைசித் தவறைச் செய்கிறவர்கள். உயிருள்ள தோட்டா ஒன்று பெட்டியின் ஓரத்தில் கிடந்தாலும் இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பாயும். தெரியாமல் வந்துவிட்டது என்று நீதிமன்றத்தில் நிரூபித்து வெளியே வந்தவர்கள் உண்டு. அதற்குள் விமானமும் போயிருக்கும், வக்கீல் செலவும் ஆகியிருக்கும். அந்தச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும் வரும் என்பதால் காலி உறையும் வேண்டாம், தோட்டா சாவிக்கொத்தும் வேண்டாம். துபாய், தோஹா வழியாக மாறிப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கிளம்புமுன் ஜீன்ஸ் பாக்கெட், ஷூ, கைப்பை ஓரம் எல்லாவற்றையும் உதறிப் பாருங்கள். உறைகள் அங்கேயும் போய் விழும். நீங்கள் சுட்ட காகித இலக்கைச் சுருட்டிக் கொண்டுவரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.