பரிசலைக் கரையேற்றிய பிறகு செய்யக்கூடாதவை

போன வாரம் அணையோரம் போயிருந்தேன். ஒரு தம்பி பரிசலுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். ஐப்பசி மாதம். மூன்று நாளாக மழை இல்லை, காலை வெயில் சுள்ளென்று அடித்தது. தகர டின்னில் தார் கொதிக்கிறது. குச்சியில் சுற்றிய துணியால் அள்ளி அள்ளி வழிக்கிறான். குளிப்பாட்டிவிட்ட எருமைக்கன்று மாதிரி பரிசல் மினுமினுக்கிறது. "எப்படிங்ண்ணா இருக்குது?" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 23 வயதில் இதே கரையில், இதே பெருமையோடு, நானும் தார்க்குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பவானிசாகரில் ஒன்றிரண்டு பரிசல் வைத்துக்கொண்டு, காட்டு வேலைக்கு நடுவே மீன் பிடிப்பவர்களுக்குப் புரட்டாசியிலேயே தொழில் படுத்துவிடும். புரட்டாசியில் பாதி ஊர் கவுச்சி தொடாது. கார்த்திகையில் மாலை போட்டுவிடுவார்கள். மார்கழியில் வாசலில் கோலம் போட்ட வீட்டுக்குள் மீன் கூடையோடு நுழைய நமக்கே கூச்சம். இதற்கு நடுவில் மோயாறும் பவானியும் செந்தண்ணீராக வந்து இறங்கும், வாடைக்காற்று வலையைச் சுருட்டும். மீன் அகப்பட்டால் விலை இல்லை, விலை இருக்கும் நாளில் மீன் இல்லை. ஆகப் பரிசல் தை பிறக்கும்வரை கரையில்தான். வருஷம் முழுக்கத் தண்ணீரிலேயே இருக்கும் தொழில்காரர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை, அவர்களிடம்தான் நான் கற்றுக்கொண்டேன். இது புதிதாகப் பரிசல் வாங்கியவர்களுக்கு.

ஓட்டையைப் பார்த்து வையுங்கள், சேற்றைக் கழுவுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே செய்வீர்கள். அதை விட்டுவிடுகிறேன்.

தண்ணீர் ஓரத்திலேயே விட்டுவிட்டு வருவது

அணையில் அக்டோபர் முடியும்வரை 102 அடிக்கு மேல் தேக்குவதில்லை. நவம்பரில்தான் முழுக் கொள்ளளவான 105 அடி வரை நிறுத்துவார்கள். வெறும் மூன்று அடிதானே என்று தோன்றும். நம் பக்கத்துக் கரை சுவர் மாதிரி நிற்பதில்லை, களத்துமேடு மாதிரி சாய்ந்து கிடக்கிறது. தண்ணீர் ஓர் அடி உயர்ந்தால் ஓரம் நெடுந்தூரம் மேலே ஏறி வந்துவிடும். நீங்கள் ஐப்பசித் தொடக்கத்தில் பரிசலைப் போட்டுவிட்டுப் போன இடம் கார்த்திகையில் குளமாகிவிடும். இங்கே ஒரு தூறல்கூட விழ வேண்டியதில்லை. நீலகிரியில் கொட்டி, பில்லூர் அணை நிறைந்து, அங்கே திறந்துவிட்டால் போதும்.

சென்ற வருஷத்துத் தண்ணீர் எதுவரை வந்தது என்பதைக் கரையிலிருக்கும் வேலாமரங்களே சொல்லும். அடிமரத்தில் குப்பை ஒட்டி நிற்கும் கோட்டைப் பாருங்கள். அதற்கும் மேலே ஏற்றி, கயிற்றால் கட்டிவிட்டு வாருங்கள்.

ஈரத்தின் மேல் தார்

இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாகியும் யாராவது இதைச் செய்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பாதிக் கோபம் என் மேலேயேதான்.

என் இரண்டாவது வருஷம். பரிசல் அடியில் லேசாகக் கசிந்தது. கரையேற்றிய கையோடு, ஐப்பசியில் நாலு நாள் வெயில் கிடைத்ததும், தார் வாங்கி வந்து ஒரே மூச்சில் பூசி முடித்தேன். டின்னிலிருந்து எடுத்த தார், மூங்கில் பின்னலுக்கு வெளியே போர்த்தியிருக்கும் சாக்கின் மேல் பட்ட இடமெல்லாம் பொறுபொறுவென்று நுரைத்தது. ஒரு துளி தெறித்து முழங்கைக்குக் கீழே விழுந்தது, தழும்பு இன்றும் இருக்கிறது. நுரைத்ததற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. சூட்டில் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். சாக்குக்குள் இருந்த தண்ணீர் ஆவியாகி வெளியே வரத் துடித்திருக்கிறது. நான் அதன் மேல் இன்னொரு பூச்சுப் பூசி வாயை அடைத்திருக்கிறேன்.

என் மாமா அந்தப் பக்கம் வந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மேல காஞ்சாப் போதுமா மாப்ள? உள்ள காய வேண்டாமா?" நான் சிரித்துவிட்டேன். அவரும் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லிக் கேட்கிற வயதா அது?

தை கடைசியில் இறக்கினேன். வழக்கமாக நான் ஒருவனே முதுகில் போட்டுக்கொண்டு போகும் பரிசலைத் தூக்க அன்று இன்னொரு கை வேண்டியிருந்தது. புதுத் தாரின் கனம் என்று நினைத்தேன். ஒரு வாரம் நன்றாகத்தான் ஓடியது, ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. எட்டாம் நாள் விடியற்காலை, தண்ணீருக்குள் கிடக்கும் டணாய்க்கன் கோட்டைக்கு ஏறக்குறைய நேர் மேலே, வலை கனமாக வந்தது. பலம் கொடுப்பதற்காக முழங்காலை அடியில் ஊன்றி இழுத்தேன். மொருக்கென்று ஒரு சத்தம். கரும்புச் சக்கையை மிதித்த மாதிரி முழங்கால் உள்ளே போயிற்று. மூங்கில் பிளாச்சு, அதாவது பின்னியிருக்கும் பட்டை, ஒன்று போனதும் அதன் மேல் குறுக்கே ஓடிய மற்றவை வரிசையாக விட்டுக்கொடுத்தன. சாக்கு கிழிந்து தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. வலைக்கு மிதவையாகக் கட்டியிருந்த காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினேன். மாமாவின் பரிசல் கூப்பிடு தூரத்தில் இருந்ததால் இன்று இதை எழுதுகிறேன்.

பரிசல், வலை, அன்றைய மீன் எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய். தங்கச்சி சீருக்கென்று அப்பா எடுத்து வைத்திருந்த பணத்தில்தான் அடுத்த பரிசல் வந்தது. அப்பா ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

என்ன நடந்தது என்று பிறகு கிழித்துப் பார்த்தோம். பரிசலின் உள்பக்கம் மூங்கில் திறந்துதான் இருக்கிறது, ஆகவே காய்ந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் முகம் காயும். சாக்கோடு ஒட்டிக் கிடக்கும் மறுமுகம் காயாது. பிளாச்சுக்கும் சாக்குக்கும் நடுவில் வண்டலும் மீன் செதிலும் போய் அடைந்து, தண்ணீரைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே தார் ஆவியை விடாது. போதாக்குறைக்கு நான் பரிசலை மண்மேலேயே கவிழ்த்து வைத்திருந்தேன். மழையில் ஊறிய மண்ணிலிருந்து ஆவி ஏறும். ராத்திரி பனியில் குளிர்ந்து போன கருந்தோலின் அடியில் அது வியர்வையாக முத்துக் கோக்கும். விடிந்ததும் மறுபடி மூங்கிலில் இறங்கும். மூன்று மாதம் பரிசலை இட்லிக்குண்டாவில் வைத்து அவித்திருக்கிறேன். வெளியே கன்னங்கரேலென்று பளபளப்பு, உள்ளே மூங்கில் நகத்தால் கீறினால் நாராக வந்தது.

இதில் ஏமாற்று வேலையே கசியாததுதான். பழைய பரிசல் கசிந்தால் நமக்குப் பயம் இருக்கும், ஆழத்துக்குப் போகமாட்டோம். தார் பூசிய உளுத்த பரிசலோ நடுத்தண்ணீர்வரை நம்பிக்கையாகக் கூட்டிக்கொண்டு போகும்.

மழைக்காலத்தில் பரிசலுக்கு வேண்டியது காற்று. தார் தைக்குப் பிறகு. கரையேற்றியதும் பரிசலைக் கழுவி, ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நிற்கும் தார்ச்சில்லுகளை உரித்து எடுத்துவிடுங்கள். மரத்திலோ சுவரிலோ விளிம்பு ஊன்றி நிற்க வைத்து, உள்பக்கம் காலை வெயில் பார்க்கும்படி சாயுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சக்கரம் மாதிரி கால் வட்டம் உருட்டி வையுங்கள். அடியில் நிற்கும் விளிம்புதான் கடைசியாகக் காயும். கவிழ்த்துத்தான் வைக்க முடியும் என்றால் நாலு கல்லை முட்டுக் கொடுத்து, உள்ளே கைவிட்டுத் துழாவும் அளவுக்கு உயர்த்துங்கள். கோழி நுழைந்து போகிற இடைவெளி இருந்தால் காற்றும் நுழையும்.

காய்ந்ததா என்று உள்ளங்கை வைத்துப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. அடுப்புச் சாம்பலைச் சலித்து, உள்பக்கம் பிளாச்சு இடுக்குகளில் தூவிவிட்டு மறுநாள் பாருங்கள். வெள்ளையாகவே கிடந்தால் சரி, கறுத்துக் கட்டி தட்டினால் இன்னும் ஈரம். முட்டியால் தட்டினால் காய்ந்த மூங்கில் டொக்கென்று பேசும், ஊறியது தொப்பென்று முனகும். எல்லாவற்றையும்விட நம்பிக்கையான தராசு உங்கள் முதுகு. பரிசல் புதிதாக வந்த அன்று எப்படிக் கனத்தது என்பதை முதுகு மறக்காது. தை பிறந்து, பனி குறைந்து, பத்துப் பன்னிரண்டு நாள் தொடர்ந்து வெயில் கண்ட பிறகு தார் பூசுங்கள். பொங்கலுக்குள் பரிசல் மினுங்க வேண்டும் என்று எந்தச் சாமியும் கேட்கவில்லை.

அந்தத் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். சொன்னேன். "தொட்டுப் பாருங்ண்ணா, காஞ்சிருக்குது" என்றான். தூக்கச் சொன்னேன். இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. கத்தியால் ஓர் உள்ளங்கை அகலம் புதுத்தாரைக் கீறி உரித்துக் காட்டினேன், அடியில் சாக்கு நசநசவென்று இருந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அத்தனையும் உரிக்கோணுமுங்களா?"

"உரிக்கோணும் கண்ணு."

உரித்தானா என்று போய்ப் பார்க்கவில்லை. தார் விலை அவனுக்குத்தான் தெரியும்.

பழைய எஞ்சின் ஆயில்

ஊற்றாதீர்கள். பூச்சி வராது என்று சொல்லித் தருவார்கள். தார் இளகிக் கையில் ஒட்டும், அடுத்த வருஷ மீன்வரை நாறும்.

பச்சை மூங்கிலில் ஒட்டுப்போடுவது

ஓய்வாகத்தானே இருக்கிறோம் என்று உடைந்த பிளாச்சுகளை மாற்ற இதுவே நல்ல நேரம், அதில் தப்பில்லை. தப்பு எங்கே என்றால், காலையில் வெட்டிய மூங்கிலை மத்தியானமே பிளந்து சொருகுவதில். மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்தைத் தின்னத்தான் வண்டு துளைக்கிறது. இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் அமுக்கி ஊறப்போட்டால் அந்தச் சத்து கரைந்து வெளியேறிவிடும். தண்ணீர் நாறும், பெண்டுபிள்ளைகள் ஏசுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊறிய பிறகு நிழலில் காய வையுங்கள். ஊறப்போடாத பிளாச்சின் அடியில் மாசி மாதம் மஞ்சளாக மாவு உதிர்ந்து கிடக்கும். உதிர்வது உங்கள் பரிசல்தான்.

தேய்பிறையில் வெட்டு, வளர்பிறையில் வெட்டாதே என்று அப்பாரு காலத்தில் சொல்வார்கள். நான் பிறை பார்த்ததில்லை. ஊறப்போடாமல் விட்டதும் இல்லை. உள்ளே கெட்டியான கல் மூங்கில் கிடைத்தால் குழலாக இருக்கும் பொந்து மூங்கில் பக்கம் திரும்பாதீர்கள். தோட்டத்து வேலியில் நிற்கும் மூங்கிலையே வாங்கிக்கொள்வது நிம்மதி. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 2017-ல் சட்டம் மரக்கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. காட்டுக்குள் போய் வெட்டினால் அது வேறு கதை. இது புலிகள் காப்பகத்து ஓரம்.

சோளத்தட்டுப் போர்த்துவது

வெயிலில் தார் உருகக்கூடாதென்று ஒருவர் பரிசல் மேல் சோளத்தட்டைக் கத்தை கத்தையாகப் பரப்பி வைத்தார். அணைத்தண்ணீருக்கு ராத்திரி யார் வருகிறார்கள் என்பதை மறந்துவிட்டார். யானை தட்டைத் தின்றுவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. தட்டுத் தீர்ந்ததும் அடியில் என்ன இருக்கிறதென்று காலால் புரட்டிப் பார்த்திருக்கிறது. உள்ளே இருப்பதும் மூங்கில்தானே, அதற்கும் பிடித்த தீனிதான்.

நிழல் வேண்டுமென்றால் பழைய துணியைக் கட்டுங்கள். தின்னக்கூடிய எதையும் போர்த்தாதீர்கள்.

வலையைப் பரிசலுக்கடியில் சுருட்டி வைப்பது

எலிக்கு வீடும் மெத்தையும் ஒன்றாகக் கிடைத்த மாதிரி. நைலான் வலையைத் திறந்த வெயிலில் மாதக்கணக்கில் தொங்கவிட்டாலும் இற்றுப்போகும். அலசி, நிழலில் உலர்த்தி, வீட்டு விட்டத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்.

துடுப்பு

வீட்டுக்குள்.

தூக்கும் முன் தட்டாமல் இருப்பது

எலி இருக்கும் இடத்துக்கு அதைத் தேடி வருவதும் இருக்கும். இரண்டு மாதம் கவிழ்ந்து கிடந்த பரிசலை விளிம்பில் விரல் விட்டுத் தூக்காதீர்கள். முதலில் தடியால் நாலு தட்டு, பிறகு தடியாலேயே நெம்பி, உங்கள் பக்கம் மூடியும் எதிர்ப்பக்கம் திறந்தும் இருக்கும்படி சாயுங்கள். கண்ணாடி விரியன் ஒன்று சுருண்டு கிடந்ததை நான் அப்படித்தான் பார்த்தேன், குக்கர் மாதிரி சீறியது. பரிசலை மெல்ல இறக்கி வைத்துவிட்டுச் சாயங்காலம்வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன்.

இரவல்

சும்மா கிடக்கும் பரிசலைக் கண்டால் கேட்கத் தோன்றும். கொடுக்காதீர்கள். வட்டமாக, ஏழடி அகலத்தில், தண்ணீர் ஒழுகாத பாத்திரம் ஒன்று சும்மா கிடக்கிறதென்றால் ஊரார் கை சும்மா இருக்காது. ஒருத்தர் அதில் சிமெண்ட் கலவை போட்டார். ஒருத்தர் மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி ஆக்கினார். ஒரம்பரை (சொந்தக்காரர்கள்) என்றால் இல்லை என்று சொல்லவும் முடியாது. என் சின்னப் பரிசல் புரட்டாசியிலிருந்து பக்கத்துத் தோட்டத்தில் கிடக்கிறது. நேற்றுக் கேட்கப் போனேன். உள்ளே கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறதாம். "21 நாள் பொறுத்துக்கோங்க மாமா" என்றார்கள்.