அட்லாண்டிக் புயல் சீசன் கணிப்பு: எண்களைத் தப்பாகப் படிக்கும் வழிகள்

2024 மே மாதம் அமெரிக்காவின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா வெளியிட்ட கணிப்பில் 17 முதல் 25 புயல்கள் பெயர் வாங்கும், அவற்றில் 8 முதல் 13 ஹரிக்கேன் (கடும் புயல்) ஆகும், 4 முதல் 7 பெரும் ஹரிக்கேன் ஆகும் என்று இருந்தது. மே மாதத்தில் அவர்கள் அதுவரை சொன்னதிலேயே பெரிய எண்கள் அவைதான். ஜூலை தொடக்கத்தில் பெரில் என்ற புயல் ஹரிக்கேன் அளவுகோலின் உச்சமான 5ஆம் வகையைத் தொட்டது. அத்தனை சீக்கிரம் அந்த வலுவை எட்டிய புயல் அட்லாண்டிக் பதிவுகளில் கிடையாது. உடனே "சொன்னது பலித்துவிட்டது" என்று ஒரே ஆரவாரம். அப்புறம் ஆகஸ்ட் பிற்பாதியில் கடல் அப்படியே அடங்கிப்போனது, எர்னஸ்டோவுக்குப் பிறகு செப்டம்பர் 9 வரை ஒரு புதுப் பெயர்கூட இல்லை. சீசனின் உச்சமே செப்டம்பர் 10 வாக்கில்தான் என்பதால், அதே ஆட்கள் இப்போது "கணிப்பு புஸ்வாணம்" என்று எழுத ஆரம்பித்தார்கள். செப்டம்பர் 26 அன்று ஹெலீன் புளோரிடாவில் கரையேறியது, அக்டோபர் 9 அன்று மில்டன். சீசன் முடியும் நவம்பர் 30 அன்று கணக்கை முடித்தபோது 18 புயல், 11 ஹரிக்கேன், 5 பெரும் ஹரிக்கேன். மூன்றுமே மே மாதம் சொன்ன எல்லைக்குள்.

சீசனின் நடுவில் நின்றுகொண்டு தீர்ப்பு எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஜூனில் ரெண்டு புயல் வந்தால் பயங்கர வருஷம், வராவிட்டால் தப்பித்தோம் என்கிற கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதற்கு 1997ஐப் பாருங்கள். ஜூலை முடிவதற்குள் நான்கு பெயர்கள் காலி, ஆனால் ஆகஸ்ட் முழுக்க ஒன்றுமே இல்லை, வருஷம் முடிய மொத்தம் மூன்றே ஹரிக்கேன். 2004இல் நேர்மாறு. ஆகஸ்ட் 1 அன்றுதான் முதல் பெயரே வந்தது, அதற்கப்புறம் ஒன்பது ஹரிக்கேன், அதில் ஆறு பெரியவை, ஏறக்குறைய ஆறு வாரத்துக்குள் நான்கு புளோரிடாவைப் பதம்பார்த்தன (நான்கில் ஒன்றான ஐவன் கரையேறியது அலபாமாவில்தான், ஆனாலும் புளோரிடாவின் பென்சகோலா தப்பவில்லை).

ஆரம்பப் புயல்களிலிருந்து எதுவுமே தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. அது எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். மெக்சிகோ வளைகுடாவிலோ அமெரிக்கக் கரையோரத்திலோ பழைய குளிர்முகத்தின் (குளிர்காற்றுத் திரளின் முன் விளிம்பு) மிச்சத்திலிருந்து ஜூனில் ஒன்று கிளம்பினால் அது சீசனைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆப்பிரிக்காவுக்கும் கரீபியனுக்கும் இடையே, வெப்பமண்டல அட்லாண்டிக்கின் நடுவில் ஜூன், ஜூலையிலேயே புயல் பிறந்தால் சங்கதி வேறு. ஆகஸ்டில் இருக்க வேண்டிய சூழல் முன்கூட்டியே வந்துவிட்டது என்று அர்த்தம். பெரில் அந்த ரகம்.

அடுத்தது ஒற்றைக் காரணப் பைத்தியம். கடல் சூடாக இருக்கிறது, ஆகவே புயல் கொட்டும். எல் நினோ (பசிபிக்கின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாவது) வந்துவிட்டது, ஆகவே ஒன்றும் வராது. இரண்டு வாக்கியத்திலும் உண்மை இருக்கிறது, தனியாக நின்று பேச இரண்டுக்கும் யோக்கியதை இல்லை. எல் நினோ வருஷங்களில் கரீபியனுக்கு மேலே உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறும், அதாவது விண்ட் ஷியர் கூடும். புயலின் தலை ஒரு பக்கம் உடம்பு ஒரு பக்கம் என்று பிய்ந்து போகும். அதே பசிபிக் குளிரும் லா நினாவில் அந்தத் தொல்லை குறையும். (நம்மூர் வடகிழக்குப் பருவமழையைத் தொடர்ந்து கவனிக்கிறவர்களுக்கு எல் நினோ பழைய சிநேகிதம். அங்கே புயலை அடக்குகிற அதே எல் நினோ, இங்கே பல வருஷங்களில் மழைக்குக் கைகொடுக்கும்.) 2023இல் வலுவான எல் நினோ, ஆனால் அட்லாண்டிக்கின் சூடும் சாதனை அளவில் இருந்தது. மே மாதம் ஏறக்குறைய இயல்பான சீசன் என்று சொன்ன நோவா, ஆகஸ்டில் எண்ணை உயர்த்தியது. கடைசியில் கணக்கில் ஏறியவை 20 புயல்கள்.

2013 இதற்குத் தலைகீழ். எல் நினோவும் இல்லை, மே மாதக் கணிப்பு 7 முதல் 11 ஹரிக்கேன் என்றது, வந்தவை இரண்டு, அதுவும் முதல் வகையைத் தாண்டாதவை. வளிமண்டலத்தின் நடு அடுக்குகள் காய்ந்து கிடந்தன, மேலே எழ வேண்டிய காற்று எழவில்லை. 2024 ஆகஸ்ட் பிற்பாதியிலும் கடலின் சூட்டுக்குக் குறைச்சல் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து மேற்கே வரும் அலைகள் (புயலுக்கு வித்தாகும் காற்றுக் கலக்கங்கள்) வழக்கத்தைவிட வடக்கே தள்ளி, வறண்ட காற்றுக்குள் இறங்கின. மேலடுக்கும் சூடாகிவிட்டதால் மேகம் வளர வழியில்லை. அதனால் நீங்களே கணித்துப் பார்க்கிற ஆர்வலர் என்றால், அட்லாண்டிக் எத்தனை டிகிரி என்று மட்டும் பார்க்காதீர்கள். உலகின் மற்ற வெப்பமண்டலக் கடல்களோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு கூடுதல் சூடு என்று பாருங்கள். எல்லாக் கடலும் ஒன்றாகச் சூடானால் மேல் வளிமண்டலமும் சேர்ந்தே சூடாகிவிடும், அட்லாண்டிக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம்தான்.

புயல்களை எண்ணிக்கொண்டிருப்பது இன்னொன்று. காற்று மணிக்கு 63 கி.மீ. வேகத்தை எட்டினால் பெயர் கிடைத்துவிடும், 119இல் ஹரிக்கேன், 178இல் பெரும் ஹரிக்கேன். ஆனால் நடுக்கடலில் ஒரு நாள் சுற்றிவிட்டுக் கலைந்த ஒன்றும், இரண்டு வாரம் ஆடித் தீர்த்த ஒன்றும் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான். செயற்கைக்கோள்கள் நன்றாகப் பார்க்க ஆரம்பித்த பிறகு குட்டிப் புயல்களும் தப்புவதில்லை என்பதால் பழைய வருஷங்களோடு பெயர் எண்ணிக்கையை ஒப்பிடுவதே வம்பு. இதற்காகத்தான் ஏ.சி.இ. என்ற ஆற்றல் கணக்கு இருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை புயலின் உச்சக் காற்றை நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) கணக்கில் எடுத்து, வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்டி 10,000ஆல் வகுப்பார்கள். 100 நாட் காற்றோடு ஒரு நாள் முழுக்க நிற்கும் புயல் 4 அலகு சேர்க்கும்; 40 நாட் புயல் ஒரு நாளில் சேர்ப்பது 0.64. இரண்டாவதைப் போல ஆறு வந்தாலும் முதலாவதுக்கு ஈடாகாது. 2020இல் 30 புயல்கள், 2005இல் 28. ஏ.சி.இ.யில் 2020 ஏறத்தாழ 180, 2005 ஏறத்தாழ 245. எது பெரிய சீசன் என்று கேட்டால் நான் யோசிக்காமல் 2005 என்பேன்.

சரி, இத்தனையும் சரியாகவே படித்தாலும் ஹூஸ்டனிலோ டாம்பாவிலோ இருக்கிறவர் கேட்பது "எங்க ஊருக்கு வருமா" என்பதுதான். மொத்த எண்ணிக்கையில் அதற்குப் பதில் கிடையாது. 1992இல் பெயர் வாங்கியவை ஆறே புயல்கள், அதில் முதலாவதான ஆண்ட்ரூ ஆகஸ்ட் 24 அன்று மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட்டைத் தரைமட்டமாக்கியது. 2010இல் 12 ஹரிக்கேன்கள், ஒன்றுகூட அமெரிக்கக் கரையில் ஹரிக்கேனாக ஏறவில்லை. மெக்சிகோதான் அலெக்ஸிடமும் கார்லிடமும் அடி வாங்கியது. 2025இலும் அமெரிக்கக் கரைக்கு ஹரிக்கேன் வரவில்லை, அங்கே பலர் அமைதியான வருஷம் என்றே பேசினார்கள். அக்டோபர் 28 அன்று 5ஆம் வகையாக மெலிசா ஏறிய ஜமைக்காவில் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

எண்ணோடு வரும் பொடி எழுத்தைத் தாண்டிப் போகிறவர்களும் நிறைய. நோவா தரும் எல்லைக்கு 70 சதவீத வாய்ப்புதான் உண்டு என்று அவர்களே எழுதுகிறார்கள். பத்து வருஷத்தில் மூன்று வருஷம் எல்லைக்கு வெளியே போனால் கணிப்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் பொருள். 2018 ஆகஸ்டில் இயல்புக்குக் குறைவான சீசனுக்கு 60 சதவீதம் வாய்ப்பு என்றார்கள். மீதி 40ஐ யாரும் பார்க்கவில்லை, எட்டு ஹரிக்கேன் வந்தது, மைக்கேல் 5ஆம் வகையாகப் புளோரிடாவின் மெக்சிகோ பீச்சில் ஏறியது. அப்புறம் "இயல்பு" என்பதும் நிலையான எண் கிடையாது. 2021 முதல் 1991-2020 சராசரியை வைத்து 14 புயல், 7 ஹரிக்கேன், 3 பெரும் ஹரிக்கேன் என்று கணக்கிடுகிறார்கள். அதற்கு முந்தைய கணக்கில் 12, 6, 3. பழைய செய்தியில் இயல்புக்கு மேல் என்று இருந்தால் எந்த இயல்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு முன்கூட்டிச் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிரே 1984இல் தொடங்கிய வழக்கம் இது. அவரும் அவருடைய சகாவான ஃபில் க்ளாட்ஸ்பாக்கும் 2011 டிசம்பரில், அடுத்த வருஷத்துக்கு டிசம்பரிலேயே எண் சொல்வதை நிறுத்தினார்கள், இத்தனை வருஷமும் அந்த எண்களில் நிஜத் திறமை எதுவும் தெரியவில்லை என்று வெளிப்படையாக எழுதிவிட்டு. கணிப்பாளர்களிடம் எனக்குப் பிடித்த செயல் அது. ஏப்ரல் கணிப்பு அதைவிடத் தேவலை, ஆனால் வசந்த காலத்தில் எல் நினோவின் போக்கைக் கணிப்பதே கஷ்டம் என்பதால் அதையும் கொஞ்சம் அல்ல, நிறையவே சந்தேகத்தோடு படியுங்கள். ஆகஸ்ட் முதல் வாரங்களில் வரும் திருத்தம்தான் படிக்க வேண்டியது. அதன்பின் கொலராடோக்காரர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெளியிடும் குறுகிய காலக் கணிப்பு இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட அலை புயலாகுமா என்பதற்கு மயாமியின் தேசிய ஹரிக்கேன் மையம் தரும் ஏழு நாள் வரைபடம், அது புயலான பிறகு அதே மையத்தின் அறிவிப்புகள். அந்தக் கட்டத்தில் மே மாத எண்ணை மறந்துவிடலாம்.