வேலை நிரலும் சொந்த நிரலும்: கிட் கருவியில் பிரித்து வைக்கும் முறை

சேலம் அஸ்தம்பட்டியிலோ அழகாபுரத்திலோ வீட்டிலிருந்தபடி பெங்களூரு நிறுவனத்துக்கு நிரல் எழுதுபவர்கள், அலுவலகப் பணிக்கும் சொந்தப் பணிக்கும் முதலில் தனித்தனிக் கோப்புறைகளை வைத்துக்கொள்ள வேண்டும். இயன்றால் கணினியும் வேறாக இருக்கட்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, மாறான ஒப்பந்தம் இல்லையெனில், வேலையின் பகுதியாக எழுதிய நிரல் முதலாளிக்கே உரியது. ஆயினும் அதை எழுதியவர் தாமே என்று கோரும் உரிமையை 57ஆம் பிரிவு எழுதியவரிடமே விட்டுவைக்கிறது.

அடுத்து, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டின் (Git) அமைப்புக் கோப்பில் ‘இன்க்ளூட்இஃப்’ (includeIf) நிபந்தனையைச் சேர்த்தால், எந்தக் கோப்புறையில் வேலை செய்கிறீர்களோ அதற்குரிய பெயரும் மின்னஞ்சலும் ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது மாற்றப் பதிவிலும், தாமாகவே பதியும். பெயரைத் தமிழிலேயே, முன்னெழுத்துடன் எழுதலாம். ‘கடைசிப் பெயர்’ கேட்டு, பிறகு நம்மைத் தந்தை பெயரால் அழைக்கும் படிவங்களைவிட இது எவ்வளவோ மேல்.

கமிட்டில் நேரமும் +0530 என்ற இந்திய நேரக் குறிப்பும் இருக்கும். அந்த நேரத்தை மாற்றி எழுத முடியும் என்பதால், மிகைநேர வேலைக்கு அதை மட்டும் சான்றாக நம்பாமல், வேலை கேட்டு மின்னஞ்சல் வந்த தேதியையும் நேரத்தையும் சொந்தக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நிறுவன நிரலை நகலெடுக்க வேண்டாம்.

உருக்காலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருப்பதை இயல்பாகக் கருதும் சேலத்தில், மென்பொருள் பணியாளர் அதைப் பற்றிப் பேசினால் வியப்பவர்கள் இன்றும் உண்டு. தகவல் தொழில்நுட்பப் பணியாளர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. அந்தப் பேச்சை அலுவலக மடிக்கணினியில் நடத்தாமல் சொந்தக் கைப்பேசியில் நடத்துங்கள்.