யாழ் கடல்நீரேரியில் நண்டு பிடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு லீவில் போய் பண்ணையிலோ மண்டைதீவுப் பக்கமோ இறங்கி, ஒரு கறிக்கு நண்டு பிடிக்க நினைக்கிறீர்களா? பெட்டியில் வைக்கக்கூடாத பொருள் ஒன்று உண்டு: தங்கூசி வலை, அதாவது ஒற்றை இழை நைலோன் வலை.

பயணத் திகதி தெரிந்ததுமே ஊரிலிருந்து கேட்பார்கள். "அங்கத்தைத் தங்கூசி நல்லதாம், ரெண்டு கட்டு கொண்டு வாங்கோ தம்பி." கேட்பவர் பெரியப்பா முறையாக இருப்பார். நீங்கள் வெளிக்கிட்ட பிறகு காணியையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டவர் அவர்தான், மறுக்க வாய் வராது. ஆனால் தங்கூசி வலை இலங்கையில் தடை. கட்டுநாயக்காவில் பெட்டியைத் திறந்தால் "பெரியப்பா கேட்டவர்" என்பது பதிலாகாது. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்புவார்கள், படிவம் நிரப்பச் சொல்வார்கள், வெளியே வானுக்குக் காத்திருப்புக் காசு ஏறும். ஊருக்குப் போனால் அடுத்த விசாரணை: "வேறை ஆருக்கும் குடுத்திட்டீரோ?" கட்டுநாயக்காவிலேயே வலை பறிபோனது என்று சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஏறுமுன்பே தொலைபேசியில் முடியாது என்று சொல்லிவிடுங்கள். வலைக்குச் செலவழிக்கும் காசை அவர் கையில் கொடுங்கள். கொடுக்கவேண்டிய கணக்கு வேறு, அது வலையால் தீராது.

வெளிநாட்டு மடக்குக் கூடும் தேவையில்லை. நண்டு தூக்கும் வளைய வலையை அங்கேயே அரை நாளில் செய்யலாம். 6 மி.மீ. கம்பியில் 60 செ.மீ. விட்டத்துக்கு ஒரு வளையம். பழைய நூல்வலைத் துண்டை அதில் 20 செ.மீ. தொய்யும்படி கட்டுங்கள். வளையத்திலிருந்து மூன்று கயிறு, மேலே ஒரே முடிச்சு. மூன்றும் சம நீளமாக இல்லாவிட்டால் தூக்கும்போது வளையம் சரிந்து நண்டு நழுவும். இழுகயிறு 4 மீற்றர் தாராளம், நுனியில் மிதவையாக மூடி இறுக்கிய வெறும் போத்தல்.

இரைக்குச் சூடை மீன் வேண்டாம், சின்ன மீன்கள் கொத்தியே முடித்துவிடும். ஓர் இரவு உப்பில் கிடந்த திருக்கைத் துண்டு நின்றுபிடிக்கும். மெல்லிய கம்பியால் வலையின் நடுவே கட்டுங்கள்.

சாதாளை (கடலடிப் புல்) முடிந்து வெறும் மணல் தொடங்கும் ஓரத்தில் வையுங்கள். சாதாளைக்கு நடுவே வளையம் தட்டையாகப் படாது. திறந்த வளையம் என்பதால் தின்று முடித்த நண்டு போய்விடும். 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை எடுங்கள். முதலில் கயிற்றின் தொய்வை மெல்ல வாங்கி, பிறகு நிறுத்தாமல் ஒரே இழுவை. இரவில் விட்டுவிட்டு வரும் மூடிய கூடு வேண்டாம். அது தொலைந்தால் மாதக்கணக்கில் நண்டைச் சாகடித்துக்கொண்டே கிடக்கும்.

களங்கட்டி, சிறகு வலை என்று கடலில் தடி நட்டுக் கட்டிய வலைகளுக்குக் கிட்டவும் போகாதீர்கள். அந்தந்த இடம் அவரவர் பிழைப்பு. இறங்குமுன் அவ்விடத்துக் கடற்றொழிலாளர் சங்கத்தில் கேளுங்கள். அவர்கள் பிடிக்கும் நல்ல நீலக்கால் நண்டு ஏற்றுமதிக் கொம்பனிக்குப் போய்விடும். நீங்கள் ஆசைக்குக் காய்ச்சுவது அவர்கள் வீட்டுச் சட்டியில் அபூர்வம்.

நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசியபடி நகருங்கள், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப்போகும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஆயத்தமாகுங்கள்.

வயிற்றின் கீழ் மஞ்சளாகவோ கறுப்பாகவோ சினை தள்ளியதையும், இரு பக்க முள் நுனிகளுக்கிடையே 12 செ.மீ. வராததையும் திருப்பி விடுங்கள். அடிப்பக்க ஓட்டை விரலால் அழுத்தும்போது அமுங்கினால் அண்மையில் ஓடு கழற்றியது. உள்ளே தண்ணீர்தான், சதை இராது.

பிடித்ததை வாளித் தண்ணீரில் போடாதீர்கள், காற்றுக் குறைந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சாகும். கடல்நீரில் நனைத்த சாக்கால் மூடி நிழலில் வையுங்கள். நீலக்கால் நண்டு வெளியே நெடுநேரம் தாங்காது, ஐஸ் பெட்டி இருந்தால் உடனே அதற்குள் போடுங்கள். வீட்டுக்கு வருமுன் வெயிலில் செத்ததைக் கறிக்கு எடுக்காதீர்கள்.