பொது நிர்வாக ஆசிரியர்களுக்கான புத்தாக்கப் போட்டி: முதல் விண்ணப்பத்தை எழுதுவது எப்படி?

பொது நிர்வாகம், அதாவது அரசு அலுவலகங்கள் இயங்கும் விதத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் தங்கள் வகுப்பில் செய்த புதுமையை எழுதி அனுப்பும் போட்டிக்கான குறிப்புகள் இவை. கற்பித்தலில் புத்தாக்கம் என்றதும் பலர் புதுச் செயலி, புது மென்பொருள் என்று தேடப் போய்விடுகிறார்கள். அதெல்லாம் கட்டாயமில்லை. மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் ஓர் இடம், அதற்காக நீங்கள் வகுப்பில் செய்து பார்த்த ஒரு மாற்றம், அதனால் அவர்கள் தேறியதற்குச் சான்று: இந்த மூன்றும் கையில் இருந்தால் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

1. மதிப்பெண் பகிர்வைப் பாருங்கள்

போட்டி அறிவிப்பிலிருந்து தகுதி, பக்க வரம்பு, கடைசித் தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று பாருங்கள். மாணவர் கற்றலுக்கு நூற்றுக்கு நாற்பது என்றால் உங்கள் பக்கங்களிலும் ஏறக்குறைய அந்தப் பங்கு அதற்குப் போக வேண்டும்.

2. ஒரே ஒரு சிக்கலைப் பிடியுங்கள்

"மாணவர்களிடம் ஆர்வம் குறைவு" என்று எழுதினால் நடுவருக்கு எதுவும் பிடிபடாது. குறிப்பாகச் சொல்லுங்கள். மக்களை நேரில் சந்திக்கும் கீழ்நிலை ஊழியர்களின் முடிவுகளே நடைமுறையில் அரசின் கொள்கையாகிவிடுகின்றன என்று அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி 1980-இல் எழுதினார். தேர்வில் இதை அழகாக எழுதும் மாணவரிடம் ஒரு மனுவைக் கொடுத்து முடிவெடுக்கச் சொன்னால் திணறுகிறார். இது ஒரு நல்ல சிக்கல்.

3. பயிற்சியை வடிவமையுங்கள்

எடுத்துக்காட்டாக, மாணவர்கள் அரசு அலுவலக ஊழியர்களாக இருந்து மனுக்கள்மீது முடிவெடுக்கட்டும். குழுவுக்கு ஐந்து பேர். முப்பது மனுக்கள், ஒரு விதித்தொகுப்பு, நாற்பது நிமிடம். மனுக்களில் ஒன்று, கணவரை இழந்த ஒரு பெண் உதவித்தொகை கேட்டுக் கொடுத்தது. வருமானச் சான்றிதழ் இல்லை. ஆனால் அதே விவரம் இன்னோர் இணைப்பில் இருக்கிறது. திருப்பி அனுப்ப வேண்டும் என்கிறது விதி. இணைப்பையே ஏற்கலாம் என்கிறார் குழுவில் ஒருவர். அப்படிச் செய்தால் நேற்று திருப்பி அனுப்பியவருக்கு என்ன பதில் என்று கேட்கிறார் இன்னொருவர். என்ன முடிவெடுத்தாலும் காரணத்தோடு கோப்பில் இரண்டு வரி எழுதியாக வேண்டும்.

பயிற்சிக்குப் பிந்திய கலந்துரையாடலுக்கும் குறைந்தது அதே அளவு நேரம் ஒதுக்குங்கள். இதைச் சுருக்கினால் பயிற்சி வெறும் விளையாட்டாகிவிடும்.

4. சான்று சேருங்கள்

பெரும்பாலான விண்ணப்பங்கள் தளர்ந்துபோவது இங்கேதான். "மாணவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது" என்பது கற்றலுக்குச் சான்று ஆகாது. பயிற்சிக்கு முன் ஒரு மனுவைக் கொடுத்து ஒரு பக்கக் கோப்புக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். முடிந்தபின், அதே அளவு கடினமான வேறு மனு. விதியைச் சரியாகக் காட்டினாரா, மாற்று வழியை யோசித்தாரா, காரணத்தைத் தெளிவாகச் சொன்னாரா என்று அளவுகோல் வைத்து, எது முந்தியது எது பிந்தியது என்று தெரியாத இருவரைத் திருத்தச் சொல்லுங்கள். சிறிய வகுப்பு என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். முன்னேறாத மாணவர்களைப் பற்றியும் ஒரு பத்தி இருக்கட்டும். நடுவருக்கு அதில் நம்பிக்கை வரும்.

மாணவர் எழுதியதை மேற்கோள் காட்ட அவரிடம் அனுமதி வாங்குங்கள், பெயரை நீக்குங்கள்.

5. அடுத்தவர் நடத்தும்படி எழுதுங்கள்

உங்களைத் தெரியாத ஓர் ஆசிரியர் இதை எடுத்து நடத்த முடியுமா? பாத்திரக் குறிப்புகள், நேரப் பகிர்வு, மாணவர்கள் எங்கே சிக்கிக்கொள்வார்கள், அப்போது என்ன கேள்வி கேட்கலாம் என்று ஆசிரியர் குறிப்பு ஒன்றை இணையுங்கள். அமெரிக்காவின் சைரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள மேக்ஸ்வெல் பள்ளி, பல அமைப்புகள் சேர்ந்து செயல்படும் கூட்டு நிர்வாகம் பற்றிய கேஸ் ஸ்டடிகளுக்கும் (வகுப்பில் அலசும் நிகழ்வு ஆய்வுகள்) சிமுலேஷன்களுக்கும் (பாத்திரமேற்று நடத்தும் பயிற்சிகள்) ஈ-பார்க் என்ற பெயரில் போட்டி நடத்தி, தேர்வானவற்றை ஆசிரியர் குறிப்புகளோடு இணையத்தில் இலவசமாகத் தருகிறது. எழுத உட்காரும் முன் அவற்றில் இரண்டைப் படித்துவிடுங்கள்.

6. அனுப்பும் முன்

சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். அப்புறம், வேறு துறை ஆசிரியர் ஒருவரிடம் முழுவதையும் கொடுத்து, வகுப்பில் என்ன நடந்தது என்று அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் பத்தியைத் திருத்தி எழுதிவிட்டு அனுப்புங்கள்.