ஐ-130 போட்டாச்சு, அப்புறம்? காத்திருக்கும் நாளில் கடலூரில் நடக்கும் தவறுகள்

கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் என் கணவர் எனக்காக ஐ-130 பெட்டிஷனைப் போட்டார். மனைவியை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொள்ளப் போடும் முதல் மனு அது. அவர் அமெரிக்கக் குடிமகன். அன்றிலிருந்து மஞ்சக்குப்பத்தில் காய்கறி வாங்கப் போனால்கூட இதே கேள்விதான்: "என்னம்மா, இன்னுமா விசா வரல? எங்க எதிர்வீட்டுப் பொண்ணு ரெண்டே மாசத்துல போயிட்டாளே!"

அந்த எதிர்வீட்டுப் பெண் போனது எச்-4 விசாவில். அவள் கணவர் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் அங்கே வேலை பார்க்கிறார். அந்த வகைக்கு மனைவியின் பெயரில் பெட்டிஷனே வேண்டாம், நேராக விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு குடியுரிமை உள்ளவரைக் கட்டிக்கொண்டு பாரிஸ் போகிறவர்களுக்கு வேறு நாடு, வேறு சட்டம். நமக்கு வேண்டியது குடியேற்ற விசா, அதன் பாதை தனி. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது சொந்தக்காரர்கள், தூக்கம் கெடுவது நமக்கு. நானும் ஆறு மாதம் அப்படித்தான் கெடுத்துக்கொண்டேன்.

அந்த ஆறு மாதத்தில் இன்னொரு தவறும் செய்தேன். ஃபைல் அமெரிக்காவில் எங்கேயோ ஒரு மேசையில் இருக்கிறது, இங்கே நமக்கு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் பாதி ஃபைல் கடலூரில், அம்மா வீட்டு பீரோவில்தான் இருந்தது.

பீரோவில் இருக்கும் பாதி

பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். கடலூர்க்காரர்கள் பலர் பிறந்தது கடலூரில் இல்லை. பிரசவத்தில் சிக்கல் என்றால் ஜிப்மர் என்பது நம் ஊர் வழக்கம். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். ஆகவே ஜிப்மரில் பிறந்தவரின் சான்றிதழ் புதுச்சேரியில் கொடுத்ததாக இருக்கும். பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பா பழக்கதோஷத்தில் பிறந்த இடம் கடலூர் என்று எழுதியிருப்பார். இருபது வருடமாக யாரும் கவனிக்காத அந்த வித்தியாசம் இந்த ஃபைலில் பளிச்சென்று தெரியும். காத்திருக்கும் மாதங்களில் பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்ள நேரம் தாராளமாக இருக்கிறது. நேர்காணல் தேதி வந்த பிறகு இருக்காது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: தவறே இல்லாததைத் திருத்த ஓடுவது. 1993-க்கு முன் பிறந்தவர்களின் சான்றிதழில் தென்னாற்காடு மாவட்டம் என்று இருக்கும். கடலூர் மாவட்டம் உருவானதே 1993-ல்தான், அது சரியான சான்றிதழ். என் சித்தி மகள் அதை மாற்றித் தரச் சொல்லி இரண்டு மாதம் அலைந்தாள்.

சான்றிதழில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள். குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைப் பதிந்துவிட்டு, பெயரைச் சேர்க்க மறந்துபோன சான்றிதழ்கள் நம் வீடுகளில் ஏராளம். அதில் "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். பெயர் சேர்க்க வழி உண்டு, ஆனால் ஒரே நாளில் நடக்காது. 2011 டிசம்பர் கடைசியில் வந்த தானே புயலில் பீரோவோடு நனைந்தவர்கள் நகல் வாங்கியாயிற்றா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருந்து, எல்லாம் ஒரே பெயராக இருந்தால், விசாவில் நம் பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும். நம் பெயருக்கான கட்டத்தில் எஃப்என்யூ என்று விழும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. அப்புறம் கிரீன் கார்டு, வங்கி, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் நீங்கள் எஃப்என்யூ அம்மாள். பெயரைப் பிரித்துப் பாஸ்போர்ட்டை மறுபடி எடுக்க நினைத்தால் அதைச் சீக்கிரமே செய்துவிட்டு, புதிய பாஸ்போர்ட்டின் நகலை ஃபைலில் சேர்த்துவிட வேண்டும். கணவர் பெயரைக் கட்டாயம் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்வார்கள். அப்படி எந்த விதியும் இல்லை.

கல்யாணச் சான்றிதழ்தான் எங்கள் காலை வாரியது. எங்கள் கல்யாணம் திருவந்திபுரம் மலையில், ஆவணி முகூர்த்தத்தில் நடந்தது. அந்த மாதிரி நாளில் அங்கே எத்தனை கல்யாணம் நடக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தாலி கட்டும் போட்டோவில் பின்னால் இன்னொரு மாப்பிள்ளை பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிற்கிறார், அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. கோயில் ரசீது மட்டும் இருந்தால் பெட்டிஷனுக்குப் போதாது, அரசுப் பதிவு வேண்டும். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாக் கல்யாணங்களையும் பதிய வேண்டும், அதற்கு 90 நாள் அவகாசம். நாங்கள் நாற்பது நாள் கழித்துப் பதிந்தோம்.

சான்றிதழில் இரண்டு தேதிகள் இருக்கும், கல்யாணம் நடந்த நாள் ஒன்று, பதிவு செய்த நாள் ஒன்று. என் கணவர் ஐ-130-ல் பதிவு செய்த நாளை எழுதிவிட்டார். ஐந்து மாதம் கழித்து, போனில் எதையோ பேசிக்கொண்டே நகலைப் புரட்டியபோதுதான் என் கண்ணில் பட்டது.

"என்னங்க, நமக்குக் கல்யாணம் ஆனது ஆவணியில. நீங்க புரட்டாசின்னு எழுதியிருக்கீங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நல்லவேளை, ஆன்லைனில் போட்ட பெட்டிஷன். அவரது கணக்கில் ஒரு விளக்கக் கடிதத்தையும் சான்றிதழையும் ஏற்றினார். யாரும் கேட்காமலே நாமாக ஆவணம் சேர்க்க அதில் வழி இருக்கிறது. ஆகவே கணவர் அனுப்பிய படிவத்தின் நகலை முதல் நாளே வாங்கி, வரி வரியாகப் படியுங்கள். 'அவர் படித்தவர், சரியாகத்தான் போட்டிருப்பார்' என்ற நம்பிக்கை இந்த இடத்தில் வேண்டாம்.

அப்ரூவல் வந்ததும் பால் பாயசம்

பெட்டிஷன் அப்ரூவ் ஆனால் விசா வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. இருவரும் கணவன் மனைவிதான் என்று அமெரிக்கக் குடியேற்றத் துறை ஒப்புக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதன் பிறகு ஃபைல் தேசிய விசா மையத்துக்கு, அதாவது என்விசிக்குப் போகும். அங்கே விசாக் கட்டணம் 325 டாலர், மனைவியின் செலவைப் பார்த்துக்கொள்வேன் என்று கணவர் தரும் ஆதரவுப் பத்திரத்துக்கு 120 டாலர், குடியேற்ற விசா விண்ணப்பமான டிஎஸ்-260 படிவம், ஆவணங்கள், வருமானச் சான்று. எல்லாம் சரி என்று அவர்கள் சொன்ன பிறகு நேர்காணலுக்கு ஒரு வரிசை. அதுவும் சென்னையில் இல்லை, எனக்கு மும்பையில் நடந்தது. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை அப்ரூவல் மெயிலைப் பார்த்த வாரமே வேலையை ராஜினாமா செய்தார். அதற்குப் பிறகு பத்து மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிக் கைக்கு வரும் வரை வேலையையும் வண்டியையும் விடாதீர்கள்.

என்விசி கடிதத்தைக் கிடப்பில் போடுவதும் ஆபத்து. ஓர் ஆண்டு முழுக்க எந்தத் தொடர்பும் இல்லாமல் இருந்தால் ஃபைலையே மூடிவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

கணவர் கிரீன் கார்டுக்காரர் என்றால் இது எஃப்2ஏ வகை. மாதாமாதம் வரும் விசா புல்லட்டின் என்ற அரசு அறிவிப்பில் நம் முன்னுரிமைத் தேதி, அதாவது பெட்டிஷன் போட்ட தேதி, வரும் வரை வரிசையில் நிற்க வேண்டும். இடையில் அவர் குடியுரிமை வாங்கினால் நமக்கு வரிசை இல்லை, நல்லதுதான். ஆனால் குழந்தை இருந்தால் கவனம். எஃப்2ஏ-யில் அம்மாவின் ஃபைலோடு குழந்தையும் சேர்ந்து வரலாம், குடிமகனின் மனைவி வகையில் அது முடியாது. குழந்தைக்குத் தனியாக ஒரு ஐ-130 போட வேண்டும். இது தெரியாமல் அம்மாவுக்கு மட்டும் நேர்காணல் தேதி வந்து, குழந்தை பாட்டி வீட்டில் நின்றுபோகும் கதைகள் உண்டு.

'சும்மா ஒரு டூரிஸ்ட் விசா போட்டுப் பாரேன்'

எட்டாவது மாதத்தில் எல்லாக் கணவர்களும் இதைச் சொல்வார்கள். போடக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் அங்கே நிரந்தரமாகத் தங்கப் போகிறேன் என்று ஒரு பக்கம் பெட்டிஷன் ஓடும்போது, சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று இன்னொரு கவுன்ட்டரில் நம்ப வைப்பது கஷ்டம். பெரும்பாலும் மறுப்புதான், பணம் போனதுதான் மிச்சம்.

பெரிய ஆபத்து அந்த மறுப்பில் இல்லை. டூரிஸ்ட் விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில் உங்களுக்காக யாராவது குடியேற்றப் பெட்டிஷன் போட்டிருக்கிறார்களா என்று ஒரு கேள்வி வரும். 'இல்லைன்னு போடுங்க, அவங்களுக்கு எப்படித் தெரியும்' என்று சொல்லும் ஏஜென்ட் நம் ஊரிலும் உண்டு. அவர்களிடம்தானே பெட்டிஷனே இருக்கிறது! பொய் சொன்னதாகப் பதிவானால் அமெரிக்காவுக்குள் நுழைய வாழ்நாள் தடை வரை போகும், நேர்மையாக ஓடிக்கொண்டிருந்த ஐ-130-ம் அதோடு சிக்கிக்கொள்ளும். மற்ற தவறுகளை எல்லாம் எப்படியாவது திருத்தலாம். இதற்கு மட்டும் விலை மிக அதிகம்.

ஏஜென்ட் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். "அங்க நமக்கு ஆள் இருக்கு, ஃபைலை மேலே எடுத்து வைக்கச் சொல்றேன்" என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். என்விசி கட்டணத்தை அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து ஆன்லைனில்தான் கட்ட முடியும். அதைக் கடலூரில் ரொக்கமாகக் கேட்பவர் எதற்குக் கேட்கிறார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சேர்க்க மறப்பது, அவசரப்பட்டு வாங்குவது

பெட்டிஷன் போட்ட அன்றோடு ஆதாரம் சேர்ப்பதை நிறுத்திவிடுகிறோம். நேர்காணலில் கேட்பது அதற்குப் பிந்தைய காலத்தைப் பற்றியும்தான். பிரிந்திருந்த ஒன்றரை வருடம் எப்படி வாழ்ந்தீர்கள்? அவர் லீவில் வந்த டிக்கெட், பாஸ்போர்ட்டில் முத்திரை, பணம் அனுப்பிய விவரம், பொங்கலுக்கு மாமியார் வீட்டில் எடுத்த போட்டோ. ஸ்டூடியோ ஆல்பம் போதும் என்று நினைக்க வேண்டாம், போனில் எடுத்த சுமாரான படங்கள்தான் அதிகம் பேசும். போன் மாற்றும்போது வாட்ஸப் பேச்சுகள் அழிந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறந்த வீட்டு ரேஷன் கார்டில் என் பெயரை நீக்கி மாமியார் வீட்டுக் கார்டில் சேர்த்தோம். அந்த ஒரு தாள் பத்து போட்டோவுக்குச் சமம் என்பது என் எண்ணம்.

கணவர் வீடு மாறினால் முகவரியை மாற்றினாரா என்று கேளுங்கள். கூடுதல் ஆதாரம் கேட்டு ஆர்எஃப்இ வந்தால் அதில் கெடு இருக்கும், அதிகபட்சம் 84 நாள். கடிதம் பழைய அபார்ட்மென்ட் தபால் பெட்டியில் தூங்கினாலும் அந்த நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

போலீஸ் சான்றிதழையும் மருத்துவப் பரிசோதனையையும் சீக்கிரம் முடித்தால் நல்லது என்று தோன்றும். போலீஸ் சான்றிதழ் இரண்டு வருடம்தான் செல்லும். பெட்டிஷன் போட்ட வாரமே வாங்கி வைத்தால் நேர்காணலுக்கு முன் காலாவதியாகலாம். என்விசி கட்டத்தில் பாஸ்போர்ட் சேவா மூலம் வாங்கினால் போதும். ஆனால் பதினாறு வயதுக்கு மேல் சிங்கப்பூரிலோ குவைத்திலோ ஒரு வருடம் இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் தேவை. அதற்கு மட்டும் முன்கூட்டியே விசாரியுங்கள், இங்கிருந்தபடி வாங்க நாளாகும். மருத்துவப் பரிசோதனைக்குத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவர்களிடம்தான் போக வேண்டும், அதுவும் நேர்காணல் தேதி வந்த பிறகு. பொதுவாக அது ஆறு மாதம்தான் செல்லும், விசாவின் ஆயுளும் அதை ஒட்டித்தான்.

டிக்கெட் போடும் நாள்

விசா கையில் வந்ததும் அடுத்த விமானத்தைப் பிடிக்கத்தான் கை துடிக்கும். அதற்கு முன் கல்யாணத் தேதியை ஒருமுறை பாருங்கள். அமெரிக்காவில் நுழையும் நாளில் கல்யாணம் ஆகி இரண்டு வருடம் முடியவில்லை என்றால் சிஆர்1, இரண்டே வருடத்துக்கான நிபந்தனைக் கிரீன் கார்டு. அது முடியும் முன் 90 நாளுக்குள், நிபந்தனையை நீக்கச் சொல்லி ஐ-751 படிவம் போட்டு மறுபடி எல்லா ஆதாரத்தையும் அடுக்க வேண்டும். இரண்டு வருடம் முடிந்திருந்தால் ஐஆர்1, பத்து வருடக் கார்டு.

எனக்கு விசா வந்தபோது இரண்டாம் ஆண்டு முடிய இரண்டு வாரம் பாக்கி. விசாவில் சிஆர்1 என்று அச்சாகியிருந்தது. என் கணவர் டிக்கெட் பார்த்த நாள் கல்யாண நாளுக்கு முந்தைய நாள். மாமியார் காலண்டரைப் புரட்டிவிட்டு, "அன்னிக்கு அஷ்டமி, மறுநாள் நவமி. தசமிக்குப் போடுப்பா" என்றார். முனகிக்கொண்டே இரண்டு நாள் தள்ளிப் போட்டார். விமான நிலையத்தில் அதிகாரியிடம் இரண்டு வருடம் முடிந்துவிட்டது என்று சொல்லிச் சான்றிதழை நீட்டினேன். அவர் ஃபைலில் இருந்த தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அங்கே இருந்தது ஆவணித் தேதி. பேனாவை எடுத்து சிஆர்1-ஐ அடித்துவிட்டு ஐஆர்1 என்று எழுதினார்.