ஊன்றுகோலோடு வாக்குக் கேட்பது எப்படி? எல்லையோர வேட்பாளர்களுக்கும் உடன் நிற்பவர்களுக்கும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதி, எருத்தேம்பதி எனப் பாலக்காட்டின் கிழக்கெல்லையில் உள்ள தமிழ் ஊர்களில், உடல் ஊனமுற்ற ஒருவர் வார்டு மெம்பர் தேர்தலில் நிற்க முன்வரும்போது கட்சிக்காரர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஊனம் தெரியாதபடி மார்பளவுப் படம் போடுகிறார்கள், அல்லது ஊனத்தையே முன்னிறுத்தி இரக்கம் கேட்கிறார்கள். இரண்டுமே வேட்பாளருக்குக் கெடுதல். ஊனம் உள்ளபடி கண்ணில் படட்டும்; பேச்செல்லாம் வேலையைப் பற்றியதாக இருக்கட்டும்.

மறைப்பதற்குப் பெரிய முன்மாதிரி அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1921இல், 39 வயதில், இளம்பிள்ளைவாதம் தாக்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்த அவர், 1933 முதல் 1945 வரை பதவியில் இருந்தார். கால்களில் இரும்புக் காலிப்பர் எனும் தாங்குகருவி, ஒரு கையில் தடி, மறு கை மகனின் தோளிலோ முழங்கையிலோ என்று நடப்பதுபோல் காட்டினார். சக்கர நாற்காலியில் அவரைப் படமெடுக்காமல் இருக்கப் பத்திரிகையாளர்கள் ஒத்துழைத்தார்கள். அந்த ஒத்துழைப்பு இன்று எவருக்கும் கிடைக்காது. டீக்கடையில் நிற்கும் எல்லார் கையிலும் கேமரா இருக்கும் காலத்தில், மறைத்த ஊனம் எதிர்த்தரப்பின் வாட்ஸ்அப் குழுவில்தான் முதலில் வெளிவரும். கலைஞர் கருணாநிதி 2009இல் முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு முதலமைச்சராகவே சக்கர நாற்காலியில் பொதுவெளிக்கு வந்தார். ஆனால் அவருக்கு அரைநூற்றாண்டுப் பெயர் இருந்தது. புதிதாக நிற்பவர் பார்க்க வேண்டியவர் ஜெய்பால் ரெட்டி என்பது என் கருத்து. குழந்தைப் பருவத்திலேயே போலியோவால் பாதிக்கப்பட்டு, ஊன்றுகோலோடு 1969இல் ஆந்திர சட்டமன்றத்துக்குச் சென்று, பின்னர் மத்திய அமைச்சராகவும் இருந்த அவரை, நாடாளுமன்றத்தில் அவர் பேசிய பேச்சைக் கொண்டே பலரும் நினைவுகூர்கிறார்கள்.

நோட்டீஸுக்கும் போஸ்டருக்கும் முழு உருவப் படம் எடுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரை நின்றபடி மேலிருந்து எடுத்தால் அவர் குறுகித் தெரிவார். படமெடுப்பவர் முட்டிபோட்டு, கேமராவை அவருடைய கண்மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். வாய்க்கால் மதகடியிலோ ரேஷன் கடை முன்போ, யாருடனாவது பேசிக்கொண்டிருக்கையில் எடுத்த படம், கைகூப்பிய ஸ்டூடியோ படத்தைவிட எவ்வளவோ மேல்.

மேடைதான் பெரும்பாலான இடங்களில் காரியத்தைக் கெடுக்கிறது. மூன்றடி உயர மேடை. படிக்கட்டில் கைப்பிடி இல்லை. வேட்பாளர் வந்ததும் இரண்டு தோழர்கள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குகிறார்கள். சட்டை மேலேறி வயிறு தெரிகிறது, ஒரு செருப்பு கழன்று படியிலேயே கிடக்கிறது, கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டுகிறார்கள். அதன்பின் மூலத்தறை வலதுகரைக் கால்வாய்த் தண்ணீரைப் பற்றி அவர் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும், ஊருக்குப் போகும் சேதி அந்தச் செருப்பைப் பற்றியதுதான். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான பொதுவான கணக்கு. அப்படியானால் மூன்றடி மேடைக்கு 36 அடி வேண்டும், எந்த முச்சந்தியிலும் அதற்கு இடமிருக்காது. ஆகவே மேடையையே ஓர் அடிக்குக் குறையுங்கள், அல்லது தரையிலேயே கூட்டம் நடத்தி மற்ற பேச்சாளர்களையும் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். மைக் ஸ்டாண்டின் உயரத்தைக் கூட்டம் கூடுவதற்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும். ஊன்றுகோல் பிடிப்பவருக்குக் கையில் மைக் கொடுத்தால் ஒரு கை போய்விடும். பேச்சு மேசையில் சாய்ந்து நிற்பவராயின், அது ஆடாமல் தாங்குகிறதா என்று வேறொருவர் முழு எடையோடு சாய்ந்து பார்த்துவிட வேண்டும். மாலை போடுகிறவர்களிடமும் சொல்லிவையுங்கள்: கனத்த மாலை கழுத்தில் விழுந்தால் காலிப்பர் போட்டவர் நிலைதடுமாறுவார்.

அடுத்து, உடன் வருகிறவர்களின் வாய். ஜீப்பில் மைக் கட்டிக் கூவுகிறவர் "பாவம், ஒரு வாய்ப்புக் கொடுங்கள்" என்றோ "இத்தனை குறையிருந்தும்" என்றோ சொல்லக் கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லுங்கள். அறிவிப்பு மலையாளத்திலும் போகும் என்பதால் இரண்டு மொழிக்கும் வாசகத்தை எழுதிக் கொடுப்பது நல்லது. வாக்குக் கேட்டு வீடுவீடாக ஸ்குவாட் (குழு) போகும்போது, வேட்பாளரிடம் கேட்க வேண்டியதை அருகில் நிற்பவரிடம் கேட்பார்கள். அவர் பதில் சொல்லாமல் வேட்பாளரைப் பார்க்கப் பழக வேண்டும். "உங்களால அலைய முடியுமா கண்ணு?" என்ற கேள்வி கட்டாயம் வரும். அது நியாயமான கேள்வி, அதற்கு முகம் சுளிக்க வேண்டியதில்லை. "ரொம்ப தூரம் நடக்கறது சிரமந்தானுங்க பெரியம்மா. ஆனா மூணு சக்கர வண்டியில வார்டு பூராவும் வாரேன். செவ்வாக்கெழம காலையில அங்கன்வாடிகிட்ட இருப்பேன், போன் நம்பர் நோட்டீஸ்ல இருக்குது" என்ற அளவில் பதில் இருந்தால் போதும். முடியாததை முடியும் என்று சொன்னால் அடுத்த மழைக்காலத்திலேயே அது வெளுத்துவிடும்.

எதிர்த்தரப்பு ஊனத்தைச் சொல்லி ஏசினால் மேடையில் பதிலுக்கு ஏசாமல், நாள், இடம், சாட்சி, காணொளி ஆகியவற்றைத் திரட்டுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 92ஆம் பிரிவு, பொதுப்பார்வையில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பவருக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. இந்தியத் தேர்தல் ஆணையமும் 2023 டிசம்பரில், ஊனத்தை இழித்துரைக்கும் சொற்களைத் தவிர்க்குமாறு கட்சிகளுக்கு வழிகாட்டுதல் அளித்தது. உங்கள் தரப்புப் பேச்சாளர்களுக்கும் அதைப் படித்துக்காட்டுங்கள். எதிரியின் கொள்கையைக் "குருட்டுத்தனம்", "முடம்" என்று திட்டுகிற பழக்கம் நம்மவர்களிடமும் இருக்கிறது.

வென்ற பிறகு, பஞ்சாயத்துக் கமிட்டி கூடும் அறை மாடியில் இருந்தால், கூட்டத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றும்படி முதல் வாரத்திலேயே செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். வார்டின் கிராமசபையை, அயல்கூட்டம் எனும் அக்கம்பக்கக் குழுப் பெண்களும் முதியவர்களும் படியேறாமல் வந்து உட்காரக்கூடிய பள்ளிக்கூட வராந்தாவிலோ களத்திலோ கூட்டுங்கள்.